காளியம்மாள் பேரில் நாலேகால் ஏக்கர்

அமிர்தம் தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்தது காளியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

பண்ணை வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்க அவளுக்கோ அவள் தெருவுக்கோ இதுநாள்வரை வழியில்லை. தாகம் என்றால் குனிந்து இரண்டு கைகளையும் குவிக்க வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். இன்றைக்கு என்னவென்றால் எவர்சில்வர் டம்ளர், அதில் நுரை அடங்காத காப்பி.

"குடிடி. ஆறிடப் போவுது."

"வேணாங்கம்மா. இப்பதான் கஞ்சி குடிச்சிட்டு வந்தேன்."

"கஞ்சி வேற, காப்பி வேற. குடி." அமிர்தம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டம்ளரையும் நீயே கொண்டுபோயிடு. திருப்பிக் குடுக்க வேணாம்."

அதைக் கேட்டதும்தான் காளியம்மாளுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. பண்ணை வீட்டம்மா மாறவில்லை, அப்படியேதான் இருக்கிறாள். அப்படியானால் இந்தக் காப்பிக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது. அவள் டம்ளரைக் கிணற்றுக்கட்டையில் வைத்துவிட்டு நின்றாள்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பண்ணைக்காரர் துரைராசு வந்தார். கட்சிக்கரை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. ஒன்றியத்தில் பெரிய ஆள். சாதியும் சாமியும் மனிதனை மனிதன் மிதிக்கச் செய்த ஏற்பாடு என்று மைக்கில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். அவருக்குப் பின்னால் காரியக்காரன் இராஜாங்கம், கக்கத்தில் தோல்பையோடு.

"நாளைக்குப் பத்து மணிக்குத் தஞ்சாவூர்லேருந்து நிலச் சீர்திருத்த ஆபீசர் வர்றாரு," என்றார் துரைராசு. "ஆத்துத் திட்டுக்கே வர்றாராம். உன்னைத்தான் பாக்கணுமாம். வயசு என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"பதினேழுங்க."

"இருபது," என்றான் இராஜாங்கம்.

"எனக்குப் பதினேழுதாங்க ஆவுது."

"பத்திரத்துல பதினெட்டுன்னு போட்டிருக்கு. பத்திரம் எழுதி ரெண்டு வருஷம். அப்ப இருபதுதானே?"

"எந்தப் பத்திரங்க?"

மாட்டுத் தொட்டியில் ஒரு காக்கை உட்கார்ந்து தண்ணீரைச் சிலுப்பியது. துரைராசு காரியக்காரனைப் பார்த்தார். அவன் சிரித்து மழுப்பினான்.

"அது சும்மா ஒரு காகிதம் காளி. உன் பேரைப் போட்டு வெச்சிருக்கு. சர்க்கார் தொந்தரவுக்காக. ஆபீசர் கேட்டா, நெலம் என்னுது, நான்தான் பயிர் வெக்கிறேன், ஐயாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"சரிங்க," என்றாள் காளியம்மாள்.

அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது துரைராசுவுக்குப் பிடிக்கவில்லை. வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவள் போவதையே பார்த்தார். காப்பி கிணற்றுக்கட்டையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான், மிச்சத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டபோதே துரைராசு விழித்துக்கொண்டார். நூற்றுச் சொச்சம் ஏக்கரைப் பிய்த்துப் பிய்த்து ஊரில் இருக்கிறவன் பேரிலெல்லாம் எழுதினார். சமையல்காரன் பேரில் ஆறு ஏக்கர். குளித்தலையில் இருக்கும் சகலை பேரில் பத்து. என்றைக்கோ செத்துப்போன ஒரு சித்தப்பாகூடப் பத்திரத்தில் உயிரோடு எழுந்து வந்து எட்டு ஏக்கர் வாங்கினார். கொள்ளிடத்துக்கு நடுவில் கிடந்த நாணல்திட்டு, நாலேகால் ஏக்கர், பண்ணையாள் வீரையனின் மகள் காளியம்மாள் பேருக்குப் போனது. வீரையன் பேரில் எழுதாததற்குக் காரணம் இருந்தது. ஆம்பிளை, நாளைக்கே செங்கொடி பிடிக்கிற சங்கத்தில் சேர்ந்துவிடுவான். பொட்டைப் பிள்ளை என்றால் கல்யாணமாகிப் போய்விடும், தன் பேரில் மண் இருந்தது என்பதே தெரியாமல் பிள்ளை பெற்றுக்கொண்டு கிடக்கும்.

பத்திரத்துக்கு வாங்குகிறவள் போய் நிற்க வேண்டியதில்லை. அதனால் யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. பிற்பாடு திருப்பி எழுதிக்கொள்வதற்காக ஒரு முத்திரைத்தாளில் மட்டும் கைநாட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். அந்தக் கைநாட்டு வீரையனுடையது. நிலம் மகள் பேரில், திருப்பிக் கொடுக்கும் தாளில் அப்பன் விரல். இராஜாங்கம் எத்தனையோ பத்திரம் பார்த்தவன். அவனுக்குக்கூட இது உறுத்தவில்லை. அப்பன் இருக்கும்போது பெண்ணிடம் கைநாட்டு வாங்குவது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தால்தானே உறுத்தும்.

யாரோ மொட்டைப் பெட்டிசன் போட்டார்கள். தேர்தலில் தோற்ற தன் பங்காளி தியாகராசன்தான் என்று துரைராசு சந்தேகப்பட்டார். சமையல்காரனையும் சந்தேகப்பட்டார். பெட்டிசன் போயிருக்கிறது என்றால், விசாரணைக்கு வருகிறவர்களுக்குக் காட்டத் திட்டில் ஆள் இருக்க வேண்டும். போன சித்திரையில் வீரையனைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டியும் பொண்ணும் திட்டுல போய்க் குடிசை போட்டுக்கட்டும். வெளையிறதை அவங்களே எடுத்துக்கட்டும்" என்றார்.

வீரையன் கும்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி நீலாம்பாள் உலையை இறக்கவில்லை.

"பண்ணையில பூசணிப் பூ ஒண்ணு பறிச்சாலே கையை ஒடிக்க வர்றவங்க, நாலு ஏக்கர்ல வெளையிறதை எடுத்துக்கங்கிறாங்களா? போய்த் தோண்டிப் பாருய்யா. பொணம் கிணம் பொதைச்சிருக்கப் போறாங்க."

பிணம் இல்லை. நாணல் இருந்தது, ஆள் உயரத்துக்கு. காளியம்மாள் அரிவாளோடு அதற்குள் இறங்கினாள். நாணல் இலை கையைக் கீறும். கீறல் ஆறுவதற்குள் மேலே இன்னொரு கீறல் விழும். அறுத்து, கொளுத்தி, வேரைக் கெல்லி எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. கால் வைக்க முடியாதபடி மணல் கொதிக்கும் நேரத்தில் அம்மாவும் மகளும் ஓர் ஒதிய மரத்தடியில் உட்கார்ந்து, அக்கரையில் பண்ணை மாடுகள் தண்ணீருக்கு இறங்குவதைப் பார்ப்பார்கள். மணலில் கையளவு பள்ளம் பறித்தால் ஊற்று சுரக்கும். சில்லென்ற தண்ணீர். யாரும் மேலே இருந்து ஊற்ற வேண்டியதில்லை, வாய் வைத்தே குடிக்கலாம்.

ஆடியில் வெள்ளம் வந்தது. பட்டப்பகலில், கண்ணெதிரே, திட்டின் மேலண்டை ஓரம் சோற்றைப் பிட்டு எடுப்பதுபோல் பிட்டுக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஆடுகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றார்கள். வடிந்த பின் பார்த்தால் முழங்கால் ஆழத்துக்குப் புது வண்டல். அதில் வெள்ளரி போட்டாள், பயறு தெளித்தாள், கத்தரி நட்டாள். பன்றி வந்து பாதியை உழுதுவிட்டுப் போனது. மறுபடி நட்டாள். ஐப்பசியில் முதல் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. அம்மா பார்த்துவிடப் போகிறாள் என்று திரும்பி நின்றுகொண்டாள்.

இராஜாங்கம் வாரம் ஒருமுறை ஓடத்தில் வருவான். விளைச்சலில் கை வைக்க மாட்டான். சுற்றிப் பார்ப்பான், குடிசைக்குள் எட்டிப் பார்ப்பான், "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பான். "எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்பான். பண்ணையில் இருபது வருஷமாக ஒருவரையும் நல்லபடியா என்று கேட்காத வாய்.

கார்த்திகையில் தபால்காரர் அக்கரையில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். காளியம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் வாங்கினாள். பழுப்பு உறை. அவள் ஆறாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். காளியம்மாள், தகப்பனார் பெயர் வீரையன், மேற்படி நாணல்திட்டு நாலு ஏக்கர் இருபத்தைந்து செண்டு, தங்கள் பெயரில் கிரயமானது தொடர்பாக விசாரணை. இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது இராஜாங்கம் மூச்சு வாங்க ஓடிவந்து பிடுங்கினான்.

"அது சென்சஸ் காகிதம்."

"சென்சஸ்தான் போன மாசியிலயே எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"விட்டுப்போனவங்களுக்கு மறுபடி எடுக்கிறாங்க."

அன்று மாலையே அவள் அம்மாவிடம் சொன்னாள். நீலாம்பாள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "உங்கப்பன்கிட்ட சொல்லாத. வாயைத் தொறந்து ஆண்டேன்னு ஆரம்பிச்சிடுவான்" என்றாள்.

மறுநாள் முதல் காளியம்மாள் நொச்சிக்குச்சி வெட்டி, வெள்ளம் தின்ற மேலண்டைக் கரையோரம் நெருக்கி ஊன்ற ஆரம்பித்தாள். நொச்சி வேர் பிடித்தால் கரை பிடிக்கும்.

சொன்னபடி பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் ஒல்லியான ஆள், கையில் டவாலிச் சேவகன் கொடுத்த குடை. ஓடத்தில் அவரோடு துரைராசுவும் இராஜாங்கமும் வந்தார்கள். இறங்கியதிலிருந்தே ஆபீசர் யாரையும் நம்பவில்லை. குடிசையைப் பார்த்தார், அடுப்பைக் குனிந்து தொட்டார், சாம்பல் சூடாக இருக்கிறதா என்று.

"வயசென்னம்மா?"

"இருபதுங்க."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

"ஆத்தாவை வேணா கேளுங்க."

"வெள்ளம் வந்த வருஷம் பொறந்தாங்க," என்றாள் நீலாம்பாள். "எந்த வெள்ளம்னு கேக்காதீங்க. அது வருஷா வருஷம் வருது."

டவாலி சிரித்துவிட்டு, ஆபீசர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். ஆபீசர் மேலும் மேலும் கேட்டார். எந்த மாதம் என்ன நட்டாய், எங்கே மணல், எங்கே வண்டல், எல்லை எது. எழுதிக்கொடுத்ததைப் பாடமாய் ஒப்பிக்கிறாள் என்று நினைத்து மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் வயலைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னாள். மேலண்டைக் கரைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். நொச்சி இரண்டு சாண் துளிர்த்திருந்தது.

"இதை யாரு நட்டது?"

"நான்தாங்க."

"பண்ணையில நடச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. கரை கரைஞ்சா நெலம் கொறையுமில்லீங்களா."

ஆபீசர் நொச்சியைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார், பிறகு துரைராசுவைப் பார்த்தார். கூலிக்கு இருக்கிறவர்கள் அடுத்தவன் கரைக்குச் சொல்லாமல் நொச்சி நடுவதை அவர் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. குடிசைக்குத் திரும்பி, தண்ணீர் கேட்டார். காளியம்மாள் சொம்பில் மொண்டு கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, "நல்லா இருக்கே ஊத்துத்தண்ணி" என்றவர், சொம்பைத் துரைராசு பக்கம் நீட்டினார்.

"நீங்களும் குடிங்க. நடந்து வந்திருக்கீங்க."

துரைராசுவின் கை எழுந்து, பாதியில் நின்றது.

"இல்ல சார், எனக்குத் தாகமில்ல."

"நெத்தியெல்லாம் வேர்த்துக் கெடக்கே. இந்தம்மாவுக்கு நிலத்தையே வித்திருக்கீங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுல என்ன?"

ஆபீசரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் துரைராசுவின் முகத்தை விட்டு நகரவில்லை. இராஜாங்கம் இருமினான். தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாத கையில் நாலேகால் ஏக்கரைத் தூக்கிக் கொடுத்ததாகச் சொல்லும் மனிதர் அங்கே சொம்பைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் இது பினாமி என்று எழுதிவிடுவார்கள். நிலம் துரைராசுவை விட்டுப் போகும். சர்க்காருக்குப் போகும். அங்கிருந்து எந்தக் காலத்தில் யாருக்குப் போகுமோ, காளியம்மாளுக்குப் போகாது.

"ஐயாவுக்கு இன்னிக்குக் கிருத்திகை விரதங்க," என்றாள் காளியம்மாள். "பொழுது சாயற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது."

ஆபீசர் டவாலியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கா கிருத்திகை?"

"இருக்கலாம் சார்."

"கட்சிக்காரரு, விரதமெல்லாம் உண்டா?"

துரைராசு மென்று விழுங்கினார். முப்பது வருஷம் மேடையில் சாமியைத் திட்டிச் சம்பாதித்த பேர் அது. "வீட்டுல கேக்க மாட்டேங்கிறாங்க சார். முருகன் மேல கொஞ்சம்... பக்தி."

"வெத்திலை மட்டும் விரதத்துக்கு உண்டு போல," என்றார் ஆபீசர்.

பிறகு எழுதத் தொடங்கினார். நிலத்தில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று துரைராசு கையெழுத்துப் போட்டார். காளியம்மாள் தன் பேரை எழுதினாள், நிறுத்தி நிறுத்தி, ஓர் எழுத்தும் விடாமல். கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்த இராஜாங்கம் அதை மெல்ல மூடினான்.

"பாரும்மா," என்றார் ஆபீசர் தாளை மடித்துக்கொண்டே. "நீ மேஜர். இதை விக்கணும்னாலும் எழுதிக் குடுக்கணும்னாலும் உன் கையெழுத்துதான். உங்கப்பா போட்டா செல்லாது. மாசியில அளக்க வருவேன். நீ இங்க இருக்கணும். இல்லேன்னா இந்த ஃபைலை மட்டுமில்ல, இவரோட எல்லா ஃபைலையும் மறுபடி பிரிப்பேன்."

உங்கப்பா போட்டா செல்லாது என்ற இடத்தில் துரைராசுவும் இராஜாங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்ததைக் காளியம்மாள் பார்த்தாள்.

ஜீப் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் இராஜாங்கம் திரும்பி வந்துவிட்டான். தோல்பையிலிருந்து புது முத்திரைத்தாள்.

"நல்லாப் பேசினே காளி. விரதம்னு சொன்னே பாரு, ஐயா அசந்துட்டாரு. இந்தா, இதுல ஒரு கையெழுத்து."

"என்ன காகிதங்க?"

"சும்மா ஒரு காகிதம்."

"சென்சஸா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "வெளையாடாத. நெலம் யாருதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நேத்து என்ன சொல்லச் சொன்னீங்களோ அதைத்தான் சொன்னேன். நெலம் என்னுது, நான்தான் பயிர் வெக்கிறேன், ஐயாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இதுல எது பொய்னு சொல்லுங்க, ஆபீசர் மாசியில வர்றப்ப திருத்திச் சொல்லிடறேன்."

"ஏண்டி, ஆத்துக்கு நடுவுல ரெண்டு பொட்டச்சிங்க இருக்கீங்க. தண்ணி வந்து அடிச்சிட்டுப் போனா யாரு கேக்கப் போறா?"

நீலாம்பாள் அடுப்படியிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆபீசர் கேப்பாரு. ஆளு இல்லேன்னா எல்லா ஃபைலையும் பிரிப்பேன்னாருல்ல? நாங்க ரெண்டு பேரும் சளி புடிக்காம இருக்கணும்னு இனிமே உங்க ஐயாதான் நெசமாவே விரதம் இருக்கணும்."

இராஜாங்கம் ஓடத்துக்குப் போகும்போது வெள்ளரிக்கொடியை மிதித்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் வீரையன் வந்தான். அக்கரையில் இராஜாங்கம் குடை பிடித்து நிற்பது தெரிந்தது. வீரையனின் மடியில் அதே முத்திரைத்தாள், நாலாய் மடித்து. கண்கள் சிவந்திருந்தன.

"ஆண்டை என்னை நாற்காலியில உக்காரச் சொன்னாரு காளி," என்றான். "நாற்காலியில." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் உக்காரலை."

"அப்புறம்?"

"உன் பொண்ணு கையெழுத்துப் போடலேன்னா இன்னியிலேருந்து உனக்குப் பண்ணையில வேலை இல்லேன்னுட்டாரு. எட்டு வயசுலேருந்து அங்கதான் இருக்கேன். நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

காளியம்மாள் தாளைக் கையில் வாங்கவில்லை. "இங்க வெள்ளரிக்குக் களை முத்திக் கெடக்கு. நானும் ஆத்தாவும் மட்டும் எடுத்து மாளலை."

"ஆண்டை கேட்டா?"

"மேஜர் பொண்ணு, நான் சொல்லிக் கேக்கலேன்னு சொல்லு. இருபது வயசு அவங்க குடுத்ததுதானே."

வீரையன் அக்கரையைத் திரும்பிப் பார்த்தான். குடை அசையாமல் நின்றது. நீலாம்பாள் மண்வெட்டியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் சாத்திவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மகளும் பின்னாலேயே போனாள்.

வரப்பில் நின்றுவிட்டான். மண்வெட்டியை இறக்கி வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், முதுகை வளைத்தான், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான். காலையில் வேலைக்கு இறங்கும் முன் முப்பத்தைந்து வருஷமாக அவன் நிற்கும் நிலை அது.

"எறங்கட்டுமா?" என்று கேட்டான்.

"அப்பா, நம்ம வயலுப்பா."

"அது சரி. நீ ஒரு வார்த்தை சொல்லு. எறங்கட்டுமா?"

காளியம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை. சொல்லாமல் அந்தக் கால்கள் இறங்காது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"எறங்கு," என்றாள்.

அதன் பிறகுதான் வீரையன் வயலுக்குள் கால் வைத்தான்.